உன் மேல் நான் வைத்த கைநாட்டு

என் பிரியமுள்ள மச்சான் இஸ்மாயிலுக்கு,

இதை நானே எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஐந்து வரி. அறுபது வயதைத் தாண்டி எழுத்துக் கற்றவனுக்கு அதுவே பெரிய வேலை. போன வாரம் பஜாரில் ஒரு கடைப் பலகை விடாமல் சத்தமாக வாசித்துக்கொண்டு நடந்தேன். இஞ்சி மண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "எந்தா மைதீன் பாய், தெருவையே ஏலம் விடுறீங்களா?" என்றார். எனக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. நீ எழுதிய பலகைகள் இன்னும் நான்கு இருக்கின்றன மச்சான். நான்கையும் வாசித்துவிட்டேன்.

ஆனால் இந்தக் கடிதத்தைக் கோபத்தில்தான் எழுதுகிறேன். பாதிக் கோபம் உன் மேல்.

எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது யார் தெரியுமா? உன் மகள் ஜமீலா. டீச்சர் வேலைக்குப் படித்துவிட்டு வந்து, சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு நம் தெரு வாசகசாலையில் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறாள். என் கூடப்பிறந்தவள், உன் மனைவி பாத்திமா, நீ கண்ணை மூடிய நாளிலிருந்து என்னோடு பேசுவதில்லை. மகள்தான் ஒரு நாள் வழியில் நிறுத்தி, "மாமு, நீங்களும் வந்து உக்காருங்க" என்றாள்.

போன மாதம் அவள் ஒரு பழைய தாளை என் முன்னால் வைத்தாள். "மாமு, இத வாசிங்க." பாடம் என்று நினைத்து விரலை வைத்து வாசிக்கத் தொடங்கினேன். அது பத்து வருஷத்துக்கு முன்னால் நம் பள்ளிவாசல் ஜமாஅத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போன மனு. உனக்கு எதிரான மனு.

கேரளம் பிறந்த அந்த வருஷத்தை நீ மறந்திருக்க மாட்டாய். பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் மாஸ்டர் கேட்டார் என்று, மனிதன் எப்படி வந்தான் என்ற படத்தை நீ வரைந்தாய். அதற்கு முன்னால் மிளகு கிட்டங்கிக்கு வந்து, முதுகில் மூட்டையோடு என்னை நிற்க வைத்தாய். "அசையாதே மச்சான், இன்னும் கொஞ்ச நேரம்" என்று பென்சிலால் கிறுக்கினாய். எதற்கு என்று சொன்னாயா? படம் பள்ளிக்கூடச் சுவரில் ஏறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வரிசையில் ஐந்து உருவங்கள். மூன்றாவது உருவம் பாதிக் குரங்கு, பாதி மனிதன். அந்தக் கூனல் என்னுடையது.

கிட்டங்கியில் என்னைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். "மைதீனே, வால எங்க விட்டுட்டு வந்தே?" "மூட்டை தூக்குறவனுக்கு வாலு எதுக்குடா, இடைஞ்சலு!" நான்கு நாள் இதே பேச்சு.

அந்தக் கோபத்தோடுதான் சாயாக் கடையில் உன்னைப் பிடித்தேன். நீயும் பள்ளிவாசல் லெப்பையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள்.

"அல்லாஹ் மனுஷன மண்ணுல இருந்து படைச்சான். உனக்கு அது போதாதா?" என்று கத்தினேன்.

"போதும் மச்சான். அதுக்கு எவ்வளவு காலம் எடுத்தான்னு மாஸ்டர் பாடம் நடத்துறார். படம் கேட்டார், வரைஞ்சேன்."

லெப்பை தாடியைத் தடவினார். "இஸ்மாயிலே, ஆதம் நபிக்கும் குரங்குக்கும் ஒரு பந்தமும் கிடையாது. இது என் ஈமான். உன் மாஸ்டரு நேர்ல வந்தாலும் இதத்தான் சொல்வேன். ஆனா படம் நல்லாருக்கு. எனக்கு ஒரு சாயா சொல்லு."

நீ சிரித்தாய். என்னைப் பார்த்து, "கடைசியா ஒருத்தன் நிமிந்து நிக்கிறானே, அவனும் நீதான் மச்சான். போய்ப் பாரு" என்றாய். நான் போகவில்லை.

மறு வாரம் ஜமாஅத் செக்ரட்டரி காதர் பாய் ஒரு தாளோடு கிட்டங்கிக்கு வந்தார். "படத்த எடுக்கச் சொல்லி எழுதியிருக்கு. லெப்பையும் ஒத்துக்கிட்டார்" என்றார். சாக்கில் மார்க்கா போடும் கறுப்பு மை பக்கத்திலேயே இருந்தது. எங்களுக்கு அதுதான் வழக்கம். தாள் வந்தால் விரலை மையில் தோய்ப்போம், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பது மரியாதைக் குறைவு. நான்தான் முதலில் போனேன். நன்றாக அழுத்தி வைத்தேன்.

பிறகு உனக்குப் பள்ளிக்கூடத்தில் படம் வரையும் வேலை நின்றது. கடைக்காரர்கள் பலகை எழுதக் கூப்பிடவில்லை. கல்யாணத்துக்கு யாரும் அழைக்கவில்லை. நீ குடும்பத்தோடு ஊரை விட்டு இடப்பள்ளிக்குப் போனாய். "பிடிவாதக்காரன், தானாப் போனான்" என்று பஜார் முழுக்கச் சொன்னவன் நான். உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்து, பாத்திமா காதில் விழும்படி, "பிடிவாதந்தான் அவனக் கொண்டுபோச்சு" என்றேன். அன்றைக்கு மூடிய கதவு அது. பிறகு மகளோடு நம் தெருவுக்கே குடிவந்தும் அவள் அதைத் திறக்கவில்லை.

இப்போது வாசித்துவிட்டேன் மச்சான். ஒரு முழுச் சாயங்காலம் பிடித்தது. படத்தைப் பற்றி ஒரு வரிதான். மற்றதெல்லாம் உன்னைப் பற்றி. நீ மார்க்கத்தை இழிவு செய்தவனாம். உனக்கு எந்த வேலையும் தரக் கூடாதாம். எங்கள் வீட்டு விசேஷத்துக்கு உன்னை அழைக்க மாட்டோமாம், உன் வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் வர மாட்டோமாம். கீழே பத்தொன்பது கைநாட்டு. முதல் கைநாட்டுக்குப் பக்கத்தில் வேறொருவன் கையெழுத்தில் என் பெயர். லெப்பையின் பெயரைத் தேடித் தேடிப் பார்த்தேன். எங்கேயும் இல்லை.

அவர்களுக்கு எங்கள் கட்டை விரல் வேண்டியிருந்தது. காது வேண்டியிருக்கவில்லை. வாசித்துக் காட்ட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

உன்னையும் கேட்கிறேன். அந்தத் தாளை ஹெட்மாஸ்டர் உன்னிடமே கொடுத்துவிட்டார் என்கிறாள் ஜமீலா. தூரிகைப் பெட்டியில் வைத்திருந்தாயாம். ஒவ்வொரு பெருநாளும் இடப்பள்ளியிலிருந்து வந்து என் வீட்டில் சாப்பிட்டாயே, ஒரு தடவையாவது என் சட்டையைப் பிடித்துக் கேட்டாயா? "அவனுக்கு வாசிக்கத் தெரியாது, அவனப் போயி என்ன கேக்குறது" என்று வீட்டில் சொன்னாயாம். பாத்திமா வாயையும் அடைத்தாயாம். இதற்குப் பெயர் இரக்கமா? என்னைக் கேள்வி கேட்கக்கூட லாயக்கில்லாதவன் ஆக்கிவிட்டாயே!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு முழுவதும் வாசித்துக் காட்டியிருந்தால் நான் விரலை மடக்கியிருப்பேனா? அந்த வாரம் எனக்கு இருந்த கோபத்தில் மடக்கியிருப்பேன் என்று சொல்ல முடியவில்லை. அதை நினைத்தால் எல்லாரையும்விட என் மேல்தான் ஆத்திரம் வருகிறது.

ஜமீலாவுக்குப் பாலக்காட்டில் மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. நல்ல குடும்பம், துணிக்கடை. ஆனால் காதர் பாய் இன்னும் செக்ரட்டரி. பள்ளிவாசல் நிக்காஹ் தஃப்தரில் கல்யாணத்தைப் பதிய வேண்டுமானால், "எங்கள் தகப்பனார் வழிதவறியவர், ஜமாஅத் பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்று உன் மகள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். "எங்க அத்தாவ வித்து எனக்குக் கல்யாணம் வேண்டாம்" என்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் ரஜப் மாதம் வரை பொறுப்பார்கள்.

தாளை எடுத்துக்கொண்டு காதர் பாய் கடைக்குப் போனேன்.

"அது பழங்கதை மைதீனே. ஊரே கைநாட்டு வெச்சது. மொதல்ல வெச்சவன் நீ."

"வெச்சேன். வாசிச்சுக் காட்டினீங்களா?"

"வாசிச்சா மட்டும் உனக்கு வெளங்கியிருக்குமாக்கும்!"

"இப்ப வெளங்குது" என்று தாளை விரித்தேன். கடைக்கு வந்தவர்கள் முன்னால், முதல் வரியிலிருந்து சத்தமாக வாசித்தேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன். "நிறுத்து" என்றார். நிறுத்தவில்லை.

"என்னா, நீயும் கொரங்குக் கட்சில சேந்துட்டியா?"

"மனுஷன் எங்க இருந்து வந்தான்னு எனக்குத் தெரியாது பாய். மண்ணுன்னுதான் நான் நம்புறேன். ஆனா என் மச்சான் இந்த ஊர விட்டு எப்படிப் போனான்னு இப்பத் தெரியும்."

அவர் முகம் கறுத்தது. "கைநாட்டு வெச்சவங்க எல்லாரும் வந்து மாத்திச் சொல்லட்டும். அப்ப பாக்கலாம்" என்றார். நடக்காது என்று நினைத்துச் சொன்ன பேச்சு.

அவர் மேசையில் இருந்த பேனாவையே எடுத்தேன். என் கைநாட்டுக்குக் கீழே எழுதினேன்: "இதை எனக்கு வாசித்துக் காட்டவில்லை. இப்போது நானே வாசித்தேன். எனக்குச் சம்மதமில்லை. மைதீன்."

பத்தொன்பது பேரில் ஆறு பேர் இப்போது இல்லை. என்னை விட்டால் பன்னிரண்டு பேர். முந்தாநாள் கும்பளங்கிக்குப் போய், மகன் வீட்டில் இருக்கும் உமருக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசி என்றான். வாசித்தேன். "படச்சவனே, இதுக்கா வெரல நீட்டுனோம்?" என்று தலையில் அடித்துக்கொண்டான். என் வரிக்குக் கீழே கைநாட்டு வைத்தான். இந்தத் தடவை காது கேட்டு வைத்தது.

இந்தக் கடிதத்தை வாசகசாலைப் பலகையில் ஒட்டப் போகிறேன். காதர் பாய்க்கு நன்றாகவே வாசிக்க வரும்.

மச்சான், உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். ரஜப் பிறப்பதற்குள் மீதிப் பதினொரு பேர் வீட்டுக்கும் போவேன். விரல் வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒவ்வொருவரும் முழுவதும் கேட்டாக வேண்டும். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஜமாஅத் முன்னால் எழுந்து நின்று வாசிப்பேன். உன் மகள் அந்த மன்னிப்புத் தாளில் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டாள்.

எல்லாம் முடிந்ததும் பாத்திமா வீட்டுக்குப் போவேன். கதவைத் திற என்று தட்ட மாட்டேன். வெளியே நின்று, முதல் கைநாட்டு யாருடையது என்பதையும் சேர்த்து, அவளுக்கும் வாசித்துக் காட்டுவேன்.

உன் பாத்திமாவின் அண்ணன்,
உன் மச்சான்
மைதீன்