வழக்கு நிலத்தில் விடப்பட்ட பதினோரு எட்டு இடைவெளியை அடைத்தது குறித்து

அனுப்புநர்:
1. போதிகா தியோன் (வயது 51), பாய் முடைபவர்
2. பௌரோ இயேதாகே (வயது 58), மீனவர்
தெபுனா ஊர், நுகாதாரா தீவு, கிரிபாஸ் (கிரிபாட்டி).

பெறுநர்:
தீவு ஆணையர் அவர்கள், நுகாதாரா.

பொருள்: கடல் தடுப்புச் சுவரின் இடைவெளியில் ஊரார் அடுக்கிய கற்களை அகற்றச் சொல்லும் அறிவிப்பை ரத்து செய்ய வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. போதிகாவாகிய எனக்கு மேற்படி பௌரோ பெரியப்பா மகன், அண்ணன் முறை. எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவே, எட்டு வைத்து நடந்தால் பதினோரு எட்டு அகலம் வரும் ஒரு துண்டு நிலம் உள்ளது. அது யாருக்கு என்று ஒன்பது ஆண்டுகளாக வழக்கு நடக்கிறது. அந்த ஒன்பது ஆண்டும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. தேவாலயத்தில்கூட அவர் வலப்பக்கம் உட்கார்ந்தால் நான் இடப்பக்கம் உட்காருவேன்.

2. இரண்டாண்டுக்கு முன் தங்கள் அலுவலகம் கடல் தடுப்புச் சுவர் கட்டியது. நல்ல சுவர், குறை சொல்வதற்கில்லை. வடக்கிலிருந்து அண்ணன் வீடு வரை கட்டி, பதினோரு எட்டு விட்டு, என் வீட்டிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். கேட்டதற்கு மேற்பார்வையாளர், "அது தகராறு நிலம்மா. தீர்ப்பு வரட்டும், கட்டித் தரோம்" என்றார். அன்று நாங்கள் இருவருமே வாயை மூடிக்கொண்டோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். எதிராளிக்குச் சுவர் கிடைக்கவில்லை என்பதே இருவருக்கும் போதுமானதாக இருந்தது.

3. வழக்கு நடப்பது கடலுக்குத் தெரியாது. பிப்ரவரி பௌர்ணமியன்று காலைக் கடல் ஏற்றத்தில், வேறெங்கும் வழி இல்லாததால் தண்ணீர் முழுவதும் அந்த இடைவெளி வழியாகவே உள்ளே வந்தது. கிணறு உப்பானது. என் மகள் கல்யாணத்துக்காக ஆறு ஆண்டு வளர்த்த பபாய் என்னும் பெரிய சேம்புக் கிழங்கின் குழியில் கடல் நீர் நிரம்பியது. அண்ணனின் பெண் பன்றி நீந்தி வந்து என் படுக்கைப் பரண்மேல் ஏறிக்கொண்டது.

4. பன்றியைத் தேடி அவர் வந்தார். "பன்னிய விடு" என்றார். ஒன்பது ஆண்டில் முதல் பேச்சு அதுதான். "அதுவா எல்லை தாண்டி வந்துச்சுண்ணே. இதுக்கும் ஒரு கேஸ் போடவா?" என்றேன். சிரித்துவிட்டார். பிறகு என் குழியைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. "என்னுதும் போச்சு, போதிகா. அழுகறதுக்குள்ள தோண்டி எடு. நானும் வரேன்" என்றார். கழுத்தளவு இலைகளுக்கிடையே இருவரும் நாள் முழுக்கத் தோண்டினோம். கல்யாணத்துக்கு வைத்ததை ஊரே ஒரு வாரத்தில் தின்று தீர்த்தது. மகளும் சேர்ந்து தின்றாள். நான்தான் அழுதேன்.

5. வழக்கைத் திரும்பப் பெற எல்லைச் சான்று வாங்கப் படகேறித் தங்கள் அலுவலகம் வந்தோம். எழுத்தர் மரியாதையாக நாற்காலி போட்டார். "ரெண்டு பேரும் எல்லைக் கல்லு மேல நின்னு போட்டோ எடுத்துட்டு வாங்க, முடிச்சிடலாம்" என்றார். எல்லைக் கல் இப்போது கடலுக்குள் இருபது எட்டு தள்ளி இருக்கிறது. கடல் நன்றாக வற்றிய நாளில் போய், இடுப்பளவு நீரில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்று படம் எடுத்து அனுப்பினோம். "கால்கள் தெரியவில்லை" என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பப்பட்டது. குறிப்பு உண்மையே.

6. ஆகவே ஊரார் நாற்பது பேர் சேர்ந்து பவளப் பாறைக் கற்களையும் மணல் மூட்டைகளையும் கொண்டு இடைவெளியை அடைத்தோம். ஆகஸ்ட் ஏற்றத்தில் ஒரு வாளித் தண்ணீர்கூட உள்ளே வரவில்லை. செப்டம்பரில் தங்கள் அறிவிப்பு வந்தது: "தங்களுக்குச் சொந்தமான நிலத்தில்" அனுமதியின்றி எழுப்பிய தடுப்பை முப்பது நாளில் அகற்றவும். அறிவிப்பில் எங்கள் இருவர் பெயரும் சேர்ந்தே இருந்தது. ஒன்பது ஆண்டாக நீதிமன்றம் சொல்லாததைத் தாங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். இதற்கு எங்கள் மனமார்ந்த நன்றி.

7. அந்த வரியையே தீர்ப்பாக ஏற்றுக்கொள்கிறோம். நிலம் இருவருக்கும் பொது. மேல்முறையீடு செய்ய மாட்டோம்.

8. எனவே அகற்றும் அறிவிப்பை ரத்து செய்து, வரும் பிப்ரவரிக்குள் அந்தப் பதினோரு எட்டையும் சிமென்ட் வைத்துக் கட்டித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். மூட்டைகள் இன்னொரு பருவம் தாங்கா. பக்கத்து ஊரில் ஒன்பது குடும்பங்கள் ஏற்கெனவே வீட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டன. தாங்கள் நேரில் வந்து பார்த்தால் போதும். எங்கள் பிள்ளைகளும் நாளை சொத்துக்காகச் சண்டை போடத்தான் போகிறார்கள், ஐயா. அவர்கள் சண்டை போடவாவது கொஞ்சம் நிலம் மிஞ்சட்டும்.

இடம்: தெபுனா
நாள்: 9 அக்டோபர்

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) போதிகா தியோன்
(ஒப்பம்) பௌரோ இயேதாகே