மெஷின் நின்ற பிறகும்

என்னவருக்கு,

இல்லை, நாங்கள் நிறுத்தவில்லை. ஜெபம் நடத்தியதற்காக உங்களைச் சிறையில் அடைத்த பிறகு, தையல் கூடத்தில் எல்லா மெஷினையும் ஓடவிட்டு, அந்த இரைச்சலுக்குள் பாடுகிறோம்.

நேற்று பாட்டின் நடுவில் மின்சாரம் போய்விட்டது. மெஷின்கள் நின்றன. எங்கள் குரல் தெருவரை கேட்டது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். உங்கள் தங்கை மட்டும் கண்களை மூடியபடி பாடிக்கொண்டே இருந்தாள்.

"நிறுத்துடி, கரண்ட் போச்சு!" என்றேன்.

"கர்த்தருக்குமா கரண்ட் போச்சு, அண்ணி?"

காவலர்கள் வந்து "யாரு பாடினது?" என்று கேட்டபோது, எங்களை முந்திக்கொண்டு அவளே கையைத் தூக்கினாள். அவளை மட்டும் கூட்டிப்போனார்கள். பாதி தைத்த சட்டைக்கை அவள் ஊசிக்கடியிலேயே இருக்கிறது.

இன்று காலை கூடத்தைத் திறந்தேன். எந்த மெஷினையும் ஓடவிடாமல், அவள் விட்ட அடியிலிருந்து பாடினேன்.

உங்கள் மனைவி