அப்பாவின் கையும் நீ அனுப்பிய பிளேடும்

புதுப்பட்டினம்
மார்கழி 4, வெள்ளி

அன்பு மகன் அரவிந்தனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் வினிதாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் பிரபாவும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். வாரா வாரம் போனில் பேசுகிற அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நம் வீட்டில் போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், நான் சொல்ல வேண்டியதோ அவரைப் பற்றி. லோகு சித்தப்பா மகள் பிரியங்கா திங்கட்கிழமை டொரொன்டோ புறப்படுகிறாள், அவள் பையில் முறுக்கோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். முறுக்கை அப்புறம் தின்னலாம், இதை முதலில் படி.

இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து மதுராந்தகம் ஏரி நிரம்பிவிட்டது. வினிதாவுக்கு நாவலூர் ஆபீசில் வேலை அதிகம், எட்டு மணிக்கு வந்து சோற்றை முழுங்கிவிட்டுத் தூங்குகிறாள், வரன் பேச்சை எடுத்தால் மட்டும் தூக்கம் கலைந்துவிடுகிறது. ஞானம்மாள் டீச்சர் வீட்டுக்கு அப்பா செய்துகொண்டிருந்த சமையலறை அலமாரி மட்டும் பாதியில் நிற்கிறது, தை பிறந்ததும் அவர்கள் குடி போக வேண்டும். பலகை அறுக்கிற மிஷின் அப்பா கையில் விழுந்து போட்ட தையலைப் பிரித்து இரண்டு மாதம் ஆகிறது, கை நன்றாக மூடித் திறக்கிறது, இனி வேலை செய்யலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் மனுஷன் மர வேலை ஷெட் பக்கம் போவதில்லை. காலையில் டம்ளர் நிறைய டீயை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு சிந்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு சொட்டு சிந்தவில்லை, நானும் பார்த்தேன். கேட்டால் அன்னிக்கு என் கைதான் ஆடிச்சு, வுடு என்கிறார். நீயும் அன்றைக்குப் போனில் வயசு அறுபத்திரண்டு ஆகுது, கை நடுங்குது, மிஷினை யாருக்காவது குடுத்துட்டு இங்க வந்துடுங்க என்றாய். அக்கறையில் சொன்னாய், தெரியும். ஆனால் அதைக் கேட்ட நாளிலிருந்து அவர் அதையே மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

டீச்சருக்குக் கொடுத்த வாக்கு கெட்டுப்போகக் கூடாது, லோகு சித்தப்பாவை வைத்தாவது முடிப்பது என்று போன செவ்வாய்க்கிழமை முடிவெடுத்தேன். அன்றைக்கு மிஷின் விழுந்ததில் நீ அனுப்பிய பிளேடுக்கு இரண்டு பல் போய்விட்டது, அப்பாவின் பழைய பிளேடோ பாதிக்கு மேல் தேய்ந்தது. மிஷினையும் இரண்டு பிளேடையும் அரிசிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிச் செங்கல்பட்டில் அப்பா எப்போதும் வாங்கும் சின்னையன் கடைக்குப் போனேன். உன் பிளேடை நீட்டி இதே மாதிரி ஒன்று கொடுங்கள் என்றேன், வெளிநாட்டுச் சரக்கு, உசத்தியாகத்தான் இருக்கும் என்று எனக்கு எண்ணம். அவர் வாங்கி அளவுக் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, அக்கா, இத்த யாரு மாட்னது, ஓட்ட சரியா கீது, வட்டம் சரியா கீது, பல்லும் நாப்பத்தெட்டு, ஆனா வெட்டு ஒல்லியா கீதே, பின்னாடி கீற தகடு உள்ள பூராதே என்றார்.

எனக்குப் புரிகிற வரை அவரை விடவில்லை, புரிந்ததை உனக்கும் சொல்கிறேன். மிஷினில் பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு நிற்கிறது, அறுத்த பலகை மறுபடி ஒன்றுசேர்ந்து பிளேடைக் கவ்விக்கொள்ளாமல் இருக்க. நம் மிஷினில் அது ஒன்று புள்ளி எட்டு மில்லி. பிளேடு போடும் வெட்டு அதைவிட அகலமாக இருக்க வேண்டும், பழைய பிளேடு இரண்டு புள்ளி இரண்டு. நீ அனுப்பியது ஒன்று புள்ளி ஆறு. தகடு பலகை ஓரத்தில் வந்து முட்டி நின்றிருக்கிறது, புது பிளேடு கொஞ்சம் இறுக்கமாகத்தான் போகும் என்று அப்பா அழுத்தித் தள்ளியிருக்கிறார், மிஷின் தான் ஓடுகிற ட்ராக்கை விட்டு எகிறிப் பின்னால் வந்து கையில் விழுந்திருக்கிறது. நான் இரண்டு புள்ளி இரண்டிலேயே இரண்டு பிளேடு வாங்கினேன், மைக்கா ஒட்டிய பலகைக்கு நாற்பத்தெட்டு பல், தேக்கை நீளவாக்கில் கிழிக்கப் பல் குறைந்தது ஒன்று. சின்னையன் இன்னொன்றை இது சல்லிசு என்று நீட்டினார், அளந்து காட்டுங்கள் என்றேன், அளந்துவிட்டு அவரே உள்ளே வைத்துவிட்டார்.

வாய்ப் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம் என்று வீட்டுக்கு வந்ததும் சோதித்தும் பார்த்தேன். டீச்சர் வீட்டுப் பலகையில் அன்றைக்கு ஒரு சாணில் நின்றுபோன வெட்டு அப்படியே இருக்கிறது. சித்தப்பா தகட்டைக் கழற்றிக் கொடுத்தார், அதில் நுழைத்துப் பார்த்தேன், நுழையவே இல்லை. நேரே போய் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு வந்ததே கோபம், புள்ள பாத்துப் பாத்து வாங்கி அனுப்பிகீறான், அத்தப் போயி கொற சொல்றியே என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். பழைய பிளேடில் அப்போது இன்னும் ஒரு மாத வேலை மிச்சம் இருந்தது. அடிபட்ட அன்று காலை நீ போன் செய்து மாட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டாய், மாட்டிட்டேன், சூப்பராப் போவுது என்றார். அது பொய். அந்தப் பொய்யை மெய்யாக்கத்தான் அன்று மதியமே அவசரமாக மாட்டினார். முப்பது வருஷமாக ஓர் ஆணியைக்கூட அளக்காமல் வாங்காதவர், மகன் அனுப்பியதை மட்டும் அளக்கவில்லை.

இதைப் படித்து நீ அழுவாய், எனக்குத் தெரியும். அழுது முடித்துவிடு. பெட்டியில் எல்லா எண்ணும் இருந்தும் நீ மூன்றைப் பார்த்தாய், நாலாவதான வெட்டு அகலத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். உன்னைக் குற்றம் சொல்ல நான் இத்தனை பக்கம் எழுதவில்லை. நீ சொன்னால்தான் அவர் நம்புவார், அதற்காக எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்டு இழுக்காதே, கேட்டால் அவர் உன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார், விஷயம் அதோடு போய்விடும். அங்கே வரச் சொல்கிறாயே, வருவோம், பேரப்பிள்ளை பிறந்ததும் வந்து மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வருவோம். வேலையை மூட்டை கட்டிவிட்டுத்தான் வர வேண்டும் என்றால் வர மாட்டோம், இதில் பேச்சே இல்லை. பிரபாவைக் கனமான எதையும் தூக்க விடாதே, முருங்கைக்கீரைப் பொடி பிரியங்காவிடம் இருக்கிறது, சோற்றில் பிசைந்து சாப்பிடச் சொல். நீங்கள் இரண்டு பேரும், வரப்போகிற பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

மறக்காமல் போன் செய். டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி ஞாயிறு, இங்கே காலை எட்டு மணி, உனக்குச் சனி ராத்திரி. போனை நான் எடுக்க மாட்டேன், அவரே எடுப்பார். உங்கள் கை நடுங்கவில்லை அப்பா, நான் தப்பான பிளேடை அனுப்பிவிட்டேன் என்று சொல். சொல்லிவிட்டு வேறு கதை பேசாமல் வைத்துவிடு, அவர் எழுந்து ஷெட்டுக்குப் போகட்டும்.

உன் அம்மா,
ப. ஆதியம்மாள்