தூசி பார்க்க எடுத்த படம்

மாப்ளே, முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இன்று காலை உன் கேமராவுக்குள் வாயால் ஊதிவிட்டேன். நீ இல்லாத தைரியம்தான். வெங்காயப் போண்டா தின்ற வாய். எச்சில் ஒரு சொட்டு நேராகப் போய், உள்ளே படம் பதிகிற சென்சாரில் உட்கார்ந்தது, ஏற்கெனவே இருந்த தூசிக்குத் துணையாக.

"அது என்ன அடுப்பாடா, ஊதறதுக்கு?" என்பாய். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் ப்ளோயரை அமுக்கி அமுக்கிக் காற்றடிப்பாய். "தூசி தானா கீழ வுழணும். நீ ஊதுனா இன்னும் ஒட்டிக்கும்." நான் கேட்டால்தானே. பாலக்கோட்டில் ஒரு கல்யாணம் எடுக்கப் போய், தக்காளி மண்டிக்கு எதிரே, டிராக்டர் கிளப்பிய புழுதியில், நடுரோட்டில் நின்று லென்ஸ் மாற்றினவன் நான். அந்தக் கல்யாணத்தில் வானம் தெரிந்த படத்தில் எல்லாம் ஒரே இடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. "காக்காங்க. உங்க வூட்டுக் கல்யாணம்னா வராதா?" என்று பெண்ணின் அப்பாவிடம் சமாளித்தேன். நீ மூன்று நாள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்தக் காக்காயை ஒவ்வொன்றாக அழித்தாய்.

உன் கன்னத்து மச்சத்தைக் காட்டி, "உனக்குப் பொறக்கும்போதே சென்சார்ல தூசி" என்பேன். "இது தொடைச்சாப் போவாது, உட்ரு" என்பாய்.

உன் அடக்கத்தைப் படம் எடுத்ததும் நான்தான். வேறு யாரைக் கூப்பிடுவார்கள். பாதிரியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்க, நான் கேமராத் திரையில் வானத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது மூலையில் ஒரு புள்ளி. போன வாரம் இல்லையே, எப்போது விழுந்தது என்று யோசனை. மண் போடச் சொன்னார்கள். போட்டேன். கையைத் துடைத்துவிட்டு அடுத்த படம் எடுத்தேன். அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை.

கல்லறைத் திருநாளுக்குள் கல் வைத்து, அதில் உன் படம் பதிக்க வேண்டும் என்று உன் வீட்டுக்காரம்மா வந்தது. "ஊரு கல்யாணமெல்லாம் புடிச்சாரு. அவரு மூஞ்சி வூட்ல ஒண்ணு இல்லீங்கண்ணா. ஓட்டர் ஐடில இருக்கறது யாரோ மாதிரி இருக்குது."

தேடினதில் ஒன்றே ஒன்று கிடைத்தது. ஒகேனக்கல்லில் நான் எடுத்தது. "தூசி இருக்குதான்னு பாக்கலாம், வானம் தெரியறாப்ல நில்லு" என்று உன்னை நிறுத்தி, லென்ஸ் துளையை ஊசிமுனைக்குச் சுருக்கி அடித்த படம். அப்படி எடுத்தால்தான் தூசி பளிச்சென்று தெரியும். பரிசல்காரர் ஏதோ சொல்ல, நீ வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். படம் முழுக்கத் தூசி.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அழித்தேன். வானத்தில் இருந்ததை, சட்டையில் இருந்ததை, முகத்தில் இருந்ததை. மனசு எங்கேயும் இல்லை, கை அது பாட்டுக்குப் போனது. பழைய படத்தின் மேலேயே சேவ் பண்ணினேன். ஆறாவதோடு நின்றவனுக்கு, ஒரு காப்பி தனியாக வைக்கும் புத்தி ஏது. டைல்ஸில் அச்சடித்து வாங்கி, மேஸ்திரி சிமெண்டு வைத்துப் பதித்தும் ஆகிவிட்டது.

இன்றைக்குத்தான் கல்லறைத் திருநாள். புதுக் கல்லைப் படம் பிடிக்கத்தான் காலையில் கேமராவை ஊதினேன். உன் வீட்டுக்காரம்மா மெழுகுவத்தி ஏற்றி, சாமந்தி வைத்துவிட்டு, கல்லையே பார்த்துக்கொண்டு நின்றது.

"மச்சம் எங்கீங்கண்ணா?"

அது அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

உன் ப்ளோயர் இப்போது என் சட்டைப்பையில்தான் கிடக்கிறது. அமுக்கினால் காற்று வருகிறது, அவ்வளவுதான். அதன் பக்கத்தில் ஆல்பத்தில் பெயர் எழுதுகிற மார்க்கர் பேனா. அதை எடுத்துக்கொண்டு கல்லோரம் குந்தினேன். இருபது வருஷம் கிண்டல் பண்ணின மச்சம், எனக்குத் தெரியாதா. கன்னத்தில் அளவாக ஒரு புள்ளி வைத்தேன்.

உன் வீட்டுக்காரம்மா குனிந்து பார்த்தது.

"அந்தக் கன்னம் இல்லீங்கண்ணா" என்றது.

பேனா, அழியாத மை.