ஒரு கேபிளின் இரண்டு முனைகள்

அடியே,

இன்று காலை கணினிகளை இணைக்கும் புது சுவிட்ச் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அந்தப் புது பிளாஸ்டிக் வாசனை வந்ததும் நீ வந்துவிட்டாய். பெட்டிக்குள் மூக்கை விட்டு முகராமல் நீ வேலையைத் தொடங்கியதே இல்லை. "பொறந்த குழந்தை லா இது. யாரையும் தெரியாது" என்பாய்.

பண்டமாரான் கிடங்கின் கணினிப் பிரிவு என்றால் நாம் இருவர்தான். ஸ்கேனரோ கணினியோ ஏதாவது அனுப்பினால், அதன் முகவரி எந்த போர்ட் வழியாக, அதாவது எந்தக் கேபிள் துளை வழியாக, வந்தது என்று சுவிட்ச் குறித்துக்கொள்ளும். சேரவேண்டிய இடம் தெரியாவிட்டால், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அனுப்பிப் பார்க்கும். உரியது பதில் சொன்னதும் அதையும் குறித்துக்கொள்ளும். பிறகு நேரே அங்கேதான். "உன்ன மாதிரி ஊமைக்கோட்டானா இருந்தா அது எப்படிடி கண்டுபிடிக்கும்?" என்று என்னைச் சீண்டுவாய். ஓயாத வாய் உனக்கு.

என் புரோபேஷன் முடிய ஒரு வாரம் இருந்தபோதுதான் அது நடந்தது. தொங்கிய கேபிள் ஒன்றைப் பார்த்தேன். பார்க்க ஒழுங்காக இருக்கட்டுமே என்று காலி போர்ட்டில் செருகினேன். அதன் மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது. எல்லாருக்கும் என்று கிளம்பிய தகவல் ஒரு முனையில் போய் மறுமுனையில் திரும்பி, ஓயாமல் சுற்றியது. ஒரே ஸ்கேனர் இங்கே இருக்கிறது, இல்லை அங்கே என்று சுவிட்ச் மாற்றி மாற்றிக் குறித்துத் திண்டாடியது. ஸ்கேனர் எதுவும் வேலை செய்யவில்லை. வெளியே லோரிகள் வரிசைகட்டி நின்றன.

நீதான் ஓடிவந்து பிடுங்கினாய். பின்னாலேயே மேனேஜர். "யாரு செஞ்ச வேலை இது?"

நீ எனக்கு முன்னால் வந்து நின்றாய்.

"நான்தான் பாஸ். சாரி."

உனக்கு வரவேண்டிய பதவி உயர்வு நின்றுபோனது. எனக்கு வேலை நிரந்தரமானது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அழுதேன். "வாய மூடுடி. உங்கம்மாவுக்கு டயாலிசிஸ் ஓடுது, உனக்கு இந்த வேலை வேணும். எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம் லா. போய் தே தாரிக் வாங்கிட்டு வா" என்று சிரித்தாய். நானும் நம்பித் தேநீர் வாங்கி வந்தேன்.

டிங்கிக் காய்ச்சலில் நீ போய் ஒரு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் உன் வீட்டில் ஜெபம் முடிந்து எல்லாரும் உன்னைப் பற்றிப் பேசினார்கள். மேனேஜரும் பாசமாகத்தான் சொன்னார்: "தங்கமான பொண்ணு. ஒரே ஒரு தடவ கேபிள மாத்திக் குத்தி என் லோரி எல்லாத்தையும் நிறுத்திட்டா." எல்லாரும் சிரித்தார்கள். "அவ கொஞ்சம் அவசரக்காரி, மன்னிச்சிருங்க" என்றார் உன் அம்மா.

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. "அது அவ இல்ல ஆன்டி. நான். என் வேலைக்காகப் பழிய அவ ஏத்துக்கிட்டா."

சிரிப்பு நின்றது. மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். உன் அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ வீட்டுக்கு வந்து ரெண்டு நாளா அழுதாளே. என்கிட்டகூட சொல்லலையே, பாவி."

எனக்கு அது தெரியாது. நீ அழுத அந்த இரண்டு நாளை இனி நான் சுமந்துகொள்கிறேன்.