அடுத்த வீட்டுப் பங்கு

2024 செப்டம்பர் 8, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வரும்போது, மடை பார்க்கிற முனியசாமி அண்ணன் சொன்னார். அடுத்த ஞாயிறு, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் வெட்டு. வீட்டுக்கு ஒரு ஆள், அவரவர் பங்கை அவரவர் வெட்டணும்.

சாயங்காலம் வீட்டுக்காரர் அலெக்ஸ் துபாயிலிருந்து பேசினார். "இந்த வருசமும் கண்மாய் பெருகலைன்னா வயல்ல தைலமரத்தை வச்சுட்டு, அப்பாவையும் பாப்பாவையும் கூட்டிக்கிட்டு திருச்சிக்குப் போயிரு." சரி என்றேன். போக எனக்கு இஷ்டமில்லை.

செப்டம்பர் 15

மாமாவுக்கு முட்டி முடியாது. நான்தான் மம்பட்டியோடு போனேன். பொம்பளை எதுக்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்க ஆள் இருந்தால்தானே. வந்ததில் பாதிப் பேர் கிழடுகள்.

எங்கள் பங்கை மதியத்துக்குள் முடித்தேன். அதற்குக் கீழே மெல்வின் வீட்டுப் பங்கு. குடும்பமே சிங்கப்பூரில். கருவேலம் இடுப்பு உசரத்துக்கு நிற்கிறது. ஒரு வெட்டு வெட்டினேன். கரையில் உட்கார்ந்திருந்த மாமா சத்தம் போட்டார். "அடுத்தவன் பங்குல கை வைக்காத ஜெனிபரு. அவன் தண்ணிப் பாத்தியத்தைப் பறிக்கப் பாக்குறோம்னு பேச்சு வரும்."

மெல்வினுக்கு போன் போட்டேன். "நாங்க வந்து வெட்டிக்கிறோம் மதினி. யாரும் தொட வேணாம்."

செப்டம்பர் 29

மெல்வின் வரவில்லை.

அக்டோபர் 17

விடிய விடிய மழை. குடையோடு ஓடினேன். எங்கள் பங்கு வரைக்கும் தண்ணீர் நன்றாக ஓடி வருகிறது. மெல்வின் பங்கில் கருவேலத்தில் முட்டி, கரையை உடைத்துக்கொண்டு பக்கத்துத் தைலமரக் காட்டுக்குள் போகிறது.

இப்ப வெட்டுனா யாரு என்னத்தைக் கேக்கப் போறா — வீட்டுக்குப் போயி மம்பட்டியை எடுத்தாந்தேன். எறங்குனேன். இடுப்புத் தண்ணி. ஒருத்தி என்னத்தை வெட்டுறது? அன்னைக்கே வெட்டியிருக்கணும். மாமா பேச்சை ஏன் கேட்டேன்?

அழுகை வரும்னு நெனச்சேன். வரலை. வந்து சோறு வடிச்சேன்.

டிசம்பர் 3

கண்மாய்க்குள் மாடு மேய்கிறது. நாற்றங்காலைக் காயவிட்டுவிட்டோம். அலெக்ஸிடம் சொன்னேன். "அப்ப சரி" என்றார்.

2025 ஜனவரி 20

தைலங்கன்று வைத்தாகிவிட்டது. மாமா வயலுக்கு வரவில்லை. வீட்டிலேயே இருந்தார்.

ஆகஸ்ட் 31, திருச்சி

முனியசாமி அண்ணன் போன் செய்தார். அடுத்த ஞாயிறு வாய்க்கால் வெட்டாம். "தன் பங்கோட சேத்து ஒங்க பங்கையும் வெட்டிர்றேன்னு மேல் பங்குக்காரி சூசைமேரி சொல்லுது. இந்தத் தடவையாச்சும் தண்ணி வரணும்ங்குது. வெட்டச் சொல்லவா?"

மாமா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. நான் கேட்கவும் இல்லை.

"வேணாம்ண்ணே. நாங்க வந்து வெட்டிக்கிறோம்" என்றேன்.

பாப்பாவுக்கு நாளைக்கு ஸ்கூல். யூனிபார்மைத் தேய்த்து வைத்தேன்.