உங்கள் அப்பா கையிலிருந்த ரிவால்வர்

அண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை ஊரப்பாக்கத்தில் ஒரு கிரகப்பிரவேசம். இலையில் உட்கார்ந்து சாம்பார் சாதத்தைப் பிசைந்தவன், நிமிர்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. மாலை போட்ட பழைய படம். காக்கி உடுப்பில் ஒரு சிப்பாய், மடியில் ரிவால்வர். அதன் உருளையில் கோணல்மாணலாக ஓடும் வரி. எழுந்துவிட்டேன்.

"மாமா, பாதி இலையில எழுந்துக்கக் கூடாது. பாயசம் வருது" என்றாள் வீட்டுக்காரப் பெண்.

"பாயசம் எங்கம்மா ஓடிடப் போவுது? இவரு யாரு, அத்தச் சொல்லு மொதல்ல."

கையில் சோற்றோடு சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். பிடியின் அடிமூலையில் எலி கடித்தாற்போல் அந்தச் சின்ன உடைசல். திரும்பி உங்களைக் கூப்பிடப் பார்த்தேன். நீங்கள் இல்லாதது அப்போதுதான் உறைத்தது. கோபமாகக்கூட வந்தது.

மேற்குத் தாம்பரம் வீட்டில் உங்கள் அப்பா படத்தை முதன்முதலில் என்னிடம் காட்டினீர்கள். நீங்கள் தாய் வயிற்றில் இருக்கும்போது பட்டாளத்துக்குப் போனவர். எந்தப் பிரிவில் சேர்ந்தார், எந்த மண்ணில் விழுந்தார், யாருக்கும் தெரியாது. மிச்சம் கையில் ரிவால்வரோடு அந்த ஒரு படம். நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் ஒரு கர்னலுக்கு ஜீப் ஓட்டியவன். துப்பாக்கி விஷயத்தில் அந்தக் கர்னலே என்னைத்தான் சந்தேகம் கேட்பார். பார்த்த மாத்திரத்தில் சொன்னேன்.

"அண்ணா, இது சிப்பாய்க்குக் குடுக்குற ஐட்டம் இல்ல. இந்த வரி பாத்தீங்களா? சுட்ட வேகத்துல தானா பின்னால போயி, தானா சுத்திக்கும். உலகத்துலயே கொஞ்சம்தான் கீது. ஆபீசருங்க சொந்தமா வாங்கி வச்சிக்கிறது."

"அப்போ எந்த ஆபீசர் குடுத்தாருன்னு தெரிஞ்சா, அப்பா எந்தப் பட்டாளம்னு தெரிஞ்சிடும்?"

"ஒரு மாசம் டைம் குடுங்க" என்றேன்.

வருஷக்கணக்கில் சுற்றினோம். என் வண்டியின் பின்னால் நீங்கள், உங்கள் சட்டைப்பையில் லென்ஸ். பட்டாளத்துப் படம் மாட்டிய வீடு என்று யார் சொன்னாலும் போய் நிற்போம். வாசலில் நான் பேசுவேன், உள்ளே நீங்கள் பார்ப்பீர்கள். வண்டலூரில் ஒரு வீட்டுப் படத்தில் அதே ரிவால்வரைக் கண்டபோது என் கால் தரையில் இல்லை.

"சொன்னேனா இல்லியா? அதே மாடல். லண்டன்லேர்ந்து ஒரு கப்பல் நிறைய வந்து எறங்கியிருக்கு."

மறைமலை நகர்த் தொழிற்சாலையில் ஆயுசு முழுக்கப் பழுதான உதிரிபாகத்தைப் பொறுக்கித் தள்ளிய கண் உங்களுடையது. லென்ஸை எடுக்காமலே சொன்னீர்கள்: "மாடல் இல்லடா. இதே துப்பாக்கி. பிடியில உடைசல் பாரு."

பின்னால் தொங்கிய, தூணும் படிக்கட்டும் வரைந்த திரையும் அதேதான். ஸ்டுடியோக்காரர் வைத்திருந்த துப்பாக்கி. படம் எடுக்க வந்த ஒவ்வொருவர் கையிலும் அதைத்தான் கொடுத்திருக்கிறார். வண்டலூர்க்காரர்களுக்கோ தங்கள் தாத்தா எங்கே போனார் என்பதே தெரியவில்லை.

திரும்பும் வழியெல்லாம் நான் ஏதோ பேசிக்கொண்டே வந்தேன். பெருங்களத்தூரில் டீக்கு நிறுத்தினோம். நீங்கள் டம்ளரையே பார்த்துக்கொண்டு, "அப்போ அந்தத் துப்பாக்கிக்கும் எங்கப்பாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்றீர்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஆபீசரை விடுங்கண்ணா. இதே துப்பாக்கியைப் புடிச்சவங்களைத் தேடுவோம். ஒண்ணா படம் எடுத்தவங்க ஒண்ணா ரயில் ஏறியிருப்பாங்க. ஒருத்தர் போன எடம் தெரிஞ்சா போதும்."

"நீ எட்டாவதோட நின்னது நல்லதாப் போச்சுடா. மேல படிச்சிருந்தா எங்களையெல்லாம் வித்திருப்ப" என்று சிரித்தீர்கள். அன்றைக்குச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த ஒருத்தரைத்தான் அண்ணா, நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகும்போது, ஊரப்பாக்கத்தில் பார்த்தேன்.

"எங்க தாத்தா மாமா. சண்டை முடிஞ்சு திரும்பி வந்துட்டாரு" என்றாள் அந்தப் பெண். "அவரு துப்பாக்கியே தொட்டதில்லையாம். பர்மா எல்லையில ரோடு போட்டாராம். மம்மட்டியோட போட்டோ அனுப்பினா ஊர்ல சிரிப்பாங்கன்னு எல்லாரும் ஒரு ஸ்டுடியோவுல போய் நின்னாங்களாம். முன்னாடி ஆளு எழுந்து துப்பாக்கியைக் கையில குடுக்கும்போது பிடி சூடா இருந்துச்சுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

"முன்னாடி ஆளு பேரு இன்னாம்மா?"

"அது தெரியாது மாமா."

பாயசத்துக்கு நிற்கவில்லை. நேராக உங்கள் வீட்டுக்கு வண்டியை விட்டேன். அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அந்த முன்னாடி ஆளு எங்க மாமனாரா?" என்று கேட்டார்.

வாய் வரைக்கும் ஒரு கதை வந்துவிட்டது அண்ணா. ரயில், மலை, மழை, பெயர் சொல்லிக் கூப்பிட்ட சுபேதார், எல்லாம் தயார். அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது அண்ணி. அவரும் அந்த ஸ்டுடியோ வரிசையில நின்னாரு. அது மட்டும் நிச்சயம்."

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி கத்தியை எடுத்தார். எனக்குத்தான் நிலைகொள்ளவில்லை. தெரியாது என்று நான் சொன்னது பிறந்ததிலிருந்து அதுவே முதல் தடவை. அதையும் என்னைப்போல் வேறொருவன் சொல்லியிருக்க முடியாது. ஆனால் சொன்ன நாளிலிருந்து உட்கார முடியவில்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஆளைப் பார்க்கும் முன் சுவரைப் பார்க்கிறேன்.